விசிறியை நிறுத்திவிட்டுப் படிப்பவர்

மேசை விசிறியின் பொத்தானைச் சகாயராணி தட்டி அணைத்துவிட்டால் கடையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். படிக்கப் போகிறார் என்று பொருள். கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவி, எழுதிய தாளின் முதல் வரியில் அதன் முனையை ஊன்றி, அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்கிற குரலில் ஆரம்பிப்பார். "பேரு மகாலட்சுமி. ஆமாவா?" எதிரே முக்காலியில் இருக்கும் பெண் தலையாட்டுகிறாள். பென்சில் நகர்வதில்லை. "தலையாட்டுனா ஆவாது. வாயத் தொறந்து சொல்லு." "ஆமாக்கா." பென்சில் அடுத்த வரிக்கு இறங்குகிறது. "பொறந்த தேதி..."

வில்லியனூர் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறைதான் கடை. ஜெராக்ஸ் இயந்திரம் ஒரு பக்கம் அனல் கக்கும். கணினி இன்னொரு பக்கம். நடுவில் சகாயராணி, அவருக்கு எதிரே முக்காலி, சுவரோரம் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. சித்திரை வைகாசியில் விசிறி நின்ற அரை நிமிடத்துக்குள் பெஞ்சில் இருப்பவர்களின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். "இன்னாக்கா, எங்கள வேவ வெச்சி வடிக்கப் போறியா?" என்பார் பக்கத்து மளிகைக்கடை ரஷீத். வரித் தாள்கள் எடுக்க வாரத்துக்கு இரண்டு முறையாவது வந்துவிடுகிறவர். சகாயராணி நிமிராமலே சொல்வார்: "ஃபேன் ஓடுனா அவங்க சொல்றது எங்காதுல வுழாது பாய். எங்காதுல வுழாதத நான் எழுத மாட்டன். செத்த வேவு."

வயது நாற்பத்தெட்டு. கனத்த உடம்பு, சின்ன பாதங்கள். கழுத்தில் மாதா பதக்கமும் மூக்குக்கண்ணாடியின் கயிறும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டே இருக்கும். நாளைக்குப் பத்து முறையாவது அதைப் பிரிப்பார். வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, சாப்பிட்டபடி வேலை செய்வார். தோலைப் போட பழைய பிரிண்டர் மை டப்பா ஒன்று வைத்திருக்கிறார். எந்தப் படிவமானாலும் நேராகக் கணினியில் அடிப்பதில்லை. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் முதலில் பென்சிலால் எழுதுவார், விசிறியை நிறுத்திப் படிப்பார், ஒவ்வொரு வரிக்கும் ஆமா வாங்குவார், பிறகுதான் விசைப்பலகை. அந்த ஆமாக்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிக் இருக்கும். கடைசியில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்வார்.

'சுமாரா' என்ற சொல் அவருக்கு ஆகாது. "கல்யாணம் எந்த வருசம்?" என்று கேட்டதற்கு ஒருவர் "சுமாரா தொண்ணூத்தாறு இருக்கும்" என்றார். "இன்னாது, சுமாராவா தாலி கட்டுன? வூட்டுல போயி கேட்டுகினு வா" என்று முக்காலியை விட்டே எழுப்பிவிட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே போய் அடுத்த நாள் மனைவியையே கூட்டிக்கொண்டு வந்தார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கணினியில் எல்லாம் முடித்து அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு, விண்ணப்பக்காரர் தன் சாமியைக் கூப்பிட வேண்டும். தன் மாதாவை அவர் யார்மீதும் சுமத்துவதில்லை. "பாய், பிஸ்மி சொல்லு." "நீ முருகான்னு சொல்லும்மா." ஒருமுறை ஒரு கல்லூரிப் பையன் தனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்றான். சகாயராணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஒங்கம்மா பேரச் சொல்லு" என்றார். அவன் சொன்னான். அழுத்தினார்.

பிளஸ் டூ முடித்து, தட்டச்சில் ஆங்கிலம் ஹையர் தேறி, பதினோரு வருடம் ஒரு தட்டச்சுப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர். பள்ளி மூடியபின் இந்தக் கடை. ஒதியம்பட்டு, அரியூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் சாதிச் சான்றிதழும் முதியோர் உதவித்தொகையும் ஆதார் திருத்தமும் பெரும்பாலும் அவர் விரல் வழியாகப் போயிருக்கின்றன. அந்தப் பென்சில் தாள்கள் எதையும் அவர் எறிந்ததில்லை. யூரியா மூட்டைப் பைகளில் வருடவாரியாகக் கட்டி, ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறார். "நாளைக்கி ஒருத்தர் வந்து நான் அப்பிடி சொல்லலன்னு சொன்னா? இந்தா, நீ சொன்ன ஆமான்னு எடுத்துக் காட்டுவன்ல."

கடை வாசலில் ஒரு பெயர்ப்பலகை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் சேவைகள் என்று வரிசையாகப் போகும். நான்காவது வரியின்மீது பழுப்பு டேப் நீளமாக ஒட்டியிருக்கிறது. வெயிலில் டேப்பின் ஓரம் சுருண்டு, கீழே இருக்கும் எழுத்துகள் கொஞ்சம் தெரியும். 'வெளிநாட்டு விசா படிவங்கள்' என்ற அந்த வரியை மூடிய டேப்புக்குக் காரணம் நான்.

பிறந்தது ஒதியம்பட்டில், கரும்புக் கொல்லை வைத்திருந்த வீட்டில். தமிழும் பிரெஞ்சுமாகப் புதுச்சேரியில் படித்தேன். ஒன்பது வருடமாக மாண்ட்ரியலில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கியபோது அம்மாவை அழைக்க விசாவுக்குப் போட வேண்டியிருந்தது. "நீ அங்கேருந்து போன்ல கேட்டா எனக்குப் புரியாது. நான் சகாயத்துகிட்ட போயி சொல்லிக்கறன்" என்றாள் அம்மா. அம்மாவின் பெயர் விருத்தாம்பாள். அப்பா இறந்தபின் தனியாக இருக்கிறாள்.

படிவத்தில் குடும்ப விவரம் என்று ஒரு பக்கம் உண்டு. பிள்ளைகள் அனைவரின் பெயரும் எழுத வேண்டும், உடன் வருகிறவர்களாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். சகாயராணி இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்காத விதத்தில் கேட்பார். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கமாட்டார். "பெத்தது எத்தினி?" என்பார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாளாம். பிறகு, "ரெண்டு" என்றாளாம்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்று என்று ஆகி அப்போது ஐந்து வருடம் முடிந்திருந்தது. என் தங்கை அருள்மொழி, எங்கள் தெருக்காரர்கள் சம்பந்தம் வைத்துக்கொள்ளாத தெருவைச் சேர்ந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அப்பா அன்றைக்கே தலைமுழுகினார். அடுத்த வாரமே சிவில் சப்ளைஸ் ஆபீசுக்குப் போய் ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டு வந்தார். நான் அப்போது மாண்ட்ரியலில் இருந்தேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு மௌனம் மிகவும் வசதியானது.

சகாயராணி தட்டச்சு செய்து அனுப்பிய கோப்பைத் திறந்தேன். இணையத்தில் ஏற்றவேண்டியது மட்டும்தான் என் வேலை. பிள்ளைகள் பகுதியில் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டாவது வரியில் அருள்மொழியின் பெயர், கிருமாம்பாக்கம் முகவரி, தொழில் செவிலியர். அவள் எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்பதெல்லாம் எனக்கு அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாமல் தெரிந்துவைத்திருந்திருக்கிறாள்.

அந்த வரியை நான் அழித்தேன். இணைப்பாக வைத்திருந்த ரேஷன் கார்டில் அந்தப் பெயர் இல்லை, படிவமும் கார்டும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா என்று அப்போது எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அவ்வளவு நேர்த்தியானது அல்ல. அந்தப் பெயரை எழுதும் பழக்கம் எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தது. கை தானாகப் போய் அழித்தது. ரேஷன் கார்டில் அப்பா செய்ததை நான் கனடா நாட்டுப் படிவத்தில் செய்தேன்.

மறந்துபோன ஒன்று இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் என் சொந்தக் குடியேற்ற விண்ணப்பத்தில் உடன்பிறந்தவர் என்ற இடத்தில் அருள்மொழியின் பெயரை நானே எழுதியிருந்தேன். அண்ணனுக்குத் தங்கை இருக்கிறாள். அம்மாவுக்கு மகள் இல்லை. படித்துப் பார்த்த அதிகாரி என்ன நினைப்பார்? விண்ணப்பம் மறுக்கப்பட்டது. கோப்புக் குறிப்பை எழுதிக் கேட்டு வாங்கியபோது அதில் இது ஒரே வரியில் இருந்தது.

அம்மா தொலைபேசியில் கேட்டாள், "இன்னாடா ஆச்சி?"

"ஃபார்ம்ல ஒரு தப்புமா."

"யாரு பண்ண தப்பு?"

"டைப் பண்ணதுல" என்றேன்.

சொன்னது அவ்வளவுதான். சகாயராணி என்ற பெயரை நான் உச்சரிக்கவே இல்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா அதைத் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். குழாயடியிலிருந்து ஊருக்குப் போனது. "அது கைய வெச்சா வெள்ளைக்காரன் திருப்பி அனுப்பிடறான்" என்று யாரோ சொல்ல, பிரான்சுக்குப் போட இருந்த இரண்டு குடும்பங்கள் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டன. இதெல்லாம் எனக்குத் துண்டுதுண்டாக, வேறு பேச்சுகளுக்கு நடுவே அம்மா சொன்னவை. ஒருநாள், "சகாயம் பாவம்டா, கண்ணு டெஸ்ட் பண்ணி புதுக் கண்ணாடி போட்டுகிச்சி. எங்கண்ணாலதான் ஒனக்கு இப்பிடி ஆச்சின்னு எங்கையப் புடிச்சிகினு அழுவுது" என்றாள். அழைப்பு சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லித் துண்டித்தேன்.

இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும் என்றாகிவிட்டது. மகளுக்கு இரண்டு வயது. என் அம்மாவை, தன் ஆயாவை, கைபேசிக்குள் இருக்கும் ஒரு முகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பேசி முடித்ததும் திரையைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கிறாள்.

குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரை வைப்பதா, நாமே போடுவதா என்று மூன்று வாரம் மனதைப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். அலுவலகத்தில் சிலர், ஒருமுறை மறுத்துவிட்டால் வழக்கறிஞர் இல்லாமல் தொடவே தொடாதே என்றார்கள். வேறு சிலர், உண்மையை எழுதி ஒரு விளக்கக் கடிதம் வைத்தால் போதும், அதற்கு எதற்கு வழக்கறிஞர் என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் நான் எடைபோட்டுக்கொண்டிருந்தது அந்த நியாயங்களை அல்ல. வழக்கறிஞரை வைத்தால் எல்லாம் மாண்ட்ரியலிலேயே முடிந்துவிடும். வில்லியனூர் ஸ்டேஷன் சாலையில் அந்த முக்காலியில் நான் உட்கார வேண்டியதில்லை. இதற்காகத்தான் வழக்கறிஞரைத் தேடினேன்.

கிடைத்த வழக்கறிஞர் பொறுமையான பெண்மணி. கணினித் திரையில் அரைமணி நேரம் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியாக, "முதல் படிவத்தைத் தயாரித்தது யார்?" என்றார். "கிராமத்தில் ஒரு தட்டச்சுக்காரர்" என்று பிரெஞ்சில் சொன்னேன். தமிழில் சொல்லியிருந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரெஞ்சில் அது தடையில்லாமல் வந்தது. பொய் சொல்லவும் ஒரு மொழி கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் குறித்துக்கொண்டு, நான் சொன்னதை நம்பி, நான் சொன்னபடியே வழி சொன்னார். அந்தத் தட்டச்சர் தன் கவனக்குறைவால் ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்டது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் விளக்கம் வலுவாக இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதமும் எழுதி அனுப்பினார்.

யாருக்கு முகம் கொடுக்காமல் தப்பிக்க வழக்கறிஞரைத் தேடினேனோ, அவரிடமே கையெழுத்து வாங்கிவரச் சொல்லிவிட்டார். விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

இந்தச் சித்திரத்தைப் படிப்பவர்கள் விசா என்னவாயிற்று என்று கேட்கக்கூடும். வழக்கறிஞருக்கு நடந்ததைச் சொல்லி, அந்தக் கடிதம் வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டேன். அம்மாவின் விண்ணப்பத்தைச் சகாயராணிதான் தயார் செய்தார். பிள்ளைகள் பகுதியில் இரண்டு வரிகள். விளக்கக் கடிதம் என் பெயரில், நான் செய்ததை நான் செய்தேன் என்று. அம்மா "முருகா" என்று சொல்ல, அவர் அழுத்தினார். பதில் இன்னும் வரவில்லை. வருமா, வந்தால் என்னவென்று வரும், தெரியாது. இதைப் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதிக்கோ. ஆனா அடிச்சி முடிச்சிட்டு ஒருவாட்டி சத்தமா படிச்சிப் பாரு" என்றார். படித்துப் பார்த்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது, இதற்கெல்லாம் முன்பு, கடிதத்தோடு கடைக்குப் போன அந்த முதல் நாளைப் பற்றி.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினொரு மணி வெயில். பெயர்ப்பலகையின் டேப்பைப் பார்க்காமல் உள்ளே நுழைய முயன்றேன், பார்த்துவிட்டேன். பெஞ்சில் ரஷீத் வரித் தாள்களோடு இருந்தார். ஆதார் திருத்தத்துக்கு வந்திருந்த இரண்டு பேர். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சகாயராணி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். எழுந்து நின்று இரண்டு கைகளையும் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"வா தம்பி. எப்ப வந்த? கொழந்த நல்லாருக்குதா?" பிறகு குரலை இறக்கி, "எங்கிட்ட கோவம் இல்லியே?" என்றார்.

"சேச்சே, அப்பிடிலாம் இல்லக்கா" என்றேன். இதைவிடக் கீழான ஒரு வாக்கியத்தை வாழ்க்கையில் நான் சொன்னதில்லை.

"கனடாலேருந்து வந்துகிறாரு, இங்க வந்து இந்த அடுப்புல உக்காரணும்னு இன்னா தலையெழுத்து தம்பி ஒங்களுக்கு?" என்றார் ரஷீத். பெஞ்சு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது இன்னா?"

"லாயர் குடுத்தாங்க. இதுல ஒரு கையெழுத்து வேணும்கா."

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதடு அசைய ஆங்கிலத்தைப் படித்தார். மெதுவாகத்தான் படித்தார், ஆனால் முழுவதும் படித்தார். முடித்ததும், "நான்தான் வுட்டுட்டன்னு எழுதியிருக்குது" என்றார். என்னிடம் கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமா" என்றேன். விசிறிச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

"நான் போட்டா ஒங்கம்மாவுக்குக் கெடச்சிடுமா?"

"வாய்ப்பு இருக்குதுன்னு சொல்றாங்க."

"அப்ப போட்டுட வேண்டிதான். ரெண்டு வருசமா போன்லியே கொஞ்சிகினு கெடக்குது, பாவம். எங்கண்ணு பண்ண வேலைக்கி நான்தான போடணும்." பேனாவை எடுத்து உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். மை வந்தது. பேனா தாளுக்கு மேலே வந்து நின்றது.

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்: பேனா இறங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"இரு தம்பி" என்றார் அவரே. "எழுதுனத பாக்காம நான் எதுலயும் கையெழுத்து போட்டதில்ல. அந்தத் தாள எடுத்துப் பாத்துட்டுப் போடறன். இத்தினி நாளா எடுக்கவே இல்லன்னு வெச்சிக்கயேன்."

"ஏன் எடுக்கல?" என்றாள் அம்மா.

"பயம்தான். எங்கையால வுட்டத எங்கண்ணால பாக்கணுமேன்னு."

ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து யூரியாப் பை ஒன்றை இழுத்து வந்தார். ரஷீத் எழுந்து ஒரு கை கொடுத்தார். சணல் முடிச்சை அவிழ்த்து, மாதவாரியாகக் கட்டியிருந்த கட்டுகளில் ஒன்றை உருவி, எச்சில் தொடாமல் ஈரப்பஞ்சில் விரலை நனைத்துத் தள்ளித் தள்ளி வந்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு தாளில் விரல் நின்றது. கீழே அம்மாவின் கோணல் கையெழுத்து தெரிந்தது.

மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பதக்கத்தையும் கண்ணாடிக் கயிற்றையும் பிரித்தார். விசிறியை நிறுத்தினார். பெஞ்சு பேச்சை நிறுத்தியது. வெளியே அரியூர் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார்.

"பேரு விருத்தாம்பாள். ஆமாவா?"

"ஆமா" என்றாள் அம்மா.

"வூட்டுக்காரரு காலமாயிட்டாரு. ஆமாவா?"

"ஆமா."

"பெத்தது..." பென்சில் முனை நின்றது. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். "ரெண்டு. டிக்கும் போட்டுருக்குது. ரெண்டுன்னுதான எழுதியிருக்கன்."

"ரெண்டுன்னுதான் சொன்னன் சகாயம்" என்றாள் அம்மா. "அருளு பேரயும் சொன்னன். கிருமாம்பாக்கம் அட்ரஸும் சொன்னன்." பெஞ்சில் ஒதியம்பட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். ஏழு வருடமாக வீட்டுக்குள்கூடச் சொல்லாத பெயரை அம்மா அவர் காதுபடச் சொன்னாள்.

"அப்ப டைப்புல வுட்டுட்டனா?" சகாயராணி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "இல்லியே. நர்சுன்னு அடிச்சது ஞாபகம் இருக்குதே. அதுக்கு ஸ்பெல்லிங்லாம் பாத்து அடிச்சனே..."

ரஷீத் தன் தாள்களால் விசிறிக்கொள்வதைக்கூட நிறுத்தியிருந்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தன் காலடியில் இருந்த துணிப்பையின் காதுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தப் பெயரை எடுத்தது யார் என்பதை அவள் வெகுநாளாக அறிந்திருக்கிறாள் என்று.

"அக்கா" என்றேன். "அந்தப் பேர..."

சகாயராணி விரல்களிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். 'ஆமாவா?' என்று கேட்கப் போகிறார், இத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்து சொல்ல வேண்டும், தலையாட்டினால் செல்லாது என்று நினைத்தேன். கழுத்தெல்லாம் வியர்வை ஊற்றியது.

அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தபடியே கையை நீட்டி விசிறியின் பொத்தானைத் தட்டினார். அது கடகடவென்று கிளம்பியது. மேசையிலிருந்த தாள்கள் எழும்பின. பென்சில் தாளின்மேல் ஒரு கையையும் வழக்கறிஞரின் கடிதத்தின்மேல் ஒரு கையையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெஞ்சுக்கு முதுகைக் காட்டி, காதை மட்டும் என் வாயருகே கொண்டுவந்தார்.

"இப்ப சொல்லு தம்பி."